வட்டக் கோயிலின் வலது மூலை

மண்டப வாசலிலிருந்து களஞ்சிய அறைவரை பதினான்கு அறிவித்தல்கள் ஒட்டியிருந்தன. இராஜதுரை ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று வாசித்தார். ஆர்வத்தினால் அல்ல. நிற்கும் நேரத்தில்தான் அவருடைய வலது முழங்கால் கொஞ்சம் மூச்சு விடும். ஒஸ்லோவில் இருபத்துநான்கு வருடம் டிராம் ஓட்டிய முழங்கால் அது.

'சப்பாத்துகள் சோடியாக வைக்கப்படல் வேண்டும் – தலைவர்.' 'சிறுவர்கள் ஓடுதல் ஆகாது – தலைவர்.' 'கேள்விகள் எழுத்தில் மட்டும் – தலைவர்.' கடைசி அறிவித்தல் களஞ்சிய அறையில், ஆளுயரப் பிரீசருக்கு மேலே, சிவப்பு எழுத்தில்: 'இம்மின்செருகியை எக்காரணம் கொண்டும் எவரும் அகற்றலாகாது – தலைவர், ஆயுட்காலப் போஷகர், பயணச் செம்மல் கொன்ஸ்ரன்ரைன்.'

"கழட்டினால் என்ன தண்டனை எண்டு போடேல்லை," என்றாள் அபிஷா. "பட்டம் எழுதவே தாள் முடிஞ்சுபோச்சு போல."

அபிஷா இராஜதுரையின் தங்கை மகள். வயது முப்பத்துநான்கு. கிழமை நாட்களில் ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதியில் பாதுகாப்பு உத்தியோகம். மற்ற நேரங்களில் மாமாவின் 'விசாரணைச் சேவை'க்கு உதவியாளர், சாரதி, வாய். சேவைக்கு வரும் வேலைகளில் பத்துக்கு ஒன்பது கலியாண விசாரணை. மாப்பிள்ளை குடிக்கிறவரா, பெண்ணுக்கு முந்தி ஏதும் இருந்ததா என்று திராமன் நகருக்கும் ஒஸ்லோவுக்கும் இடையில் அலைந்து அலைந்து, மனிதர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள இனி ஒன்றும் மிச்சமில்லை என்ற முடிவுக்கு இராஜதுரை வந்திருந்தார். பத்தாவது வேலைதான் இன்றையது.

வேலை தந்தவர் பிரீசருக்குப் பக்கத்தில் கைப்பையைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். றோஸ், வயது அறுபத்துமூன்று. கடலோரக் கத்தோலிக்க ஒன்றியத்தின் சமையலறையைப் பத்தொன்பது வருடமாக ஆள்கிறவர். ஞானஸ்நானம் முதல் நினைவுநாள் வரை, பியோர்ண்டால் பகுதியில் யார் வீட்டுச் சாப்பாடும் அவர் கைபட்டுத்தான் போகும்.

"திருப்பி ஒருக்கால் சொல்லுங்கோ, அக்கா," என்றார் இராஜதுரை.

"எங்கடை ஒன்றியத்து யூலியன்ரை தகப்பன் மோசம்போய், போன ஞாயிறு முப்பத்தோராம் நாள். நூற்றைம்பது பேர். வியாழக்கிழமை காலமை இறைச்சியையும் மீனையும் வெட்டித் துப்புரவாக்கி இதுக்கை அடுக்கிப்போட்டு, பதினொரு மணிக்குப் பூட்டிக்கொண்டு போட்டன். பிரீசர் இரைஞ்சுகொண்டு இருந்தது, எனக்கு வடிவாத் தெரியும். ஞாயிறு விடிய வந்து துறக்கிறன், நிலமெல்லாம் ரத்தத் தண்ணி. மூக்கு வைக்கேலாது. பிளக் நிலத்திலை கிடக்குது."

பூசை முடிந்து வந்த துக்க வீட்டார் அன்று பீற்சா சாப்பிட்டார்கள். முப்பத்தோராம் நாளுக்குப் பெப்பரோனி. மறுநாளே ஒஸ்லோத் தமிழ் உலகம் முழுவதற்கும் அது தெரிந்துவிட்டது.

"களஞ்சியக் கதவுப் பூட்டுக்குத் திறப்பு ரெண்டு," என்றார் இராஜதுரை.

"ரெண்டுதான். ஒண்டு என்னட்டை. மற்றது தலைவரிட்டை. தலைவர் வெள்ளி, சனி, ஞாயிறு மூண்டு நாளும் டென்மார்க்கிலை, அந்தப் போர்ன்ஹோல்ம் தீவிலை. பெண்சாதியோடை சுற்றுலா."

அப்படியானால் மிச்சம் ஒரே ஆள்தான். இன்று மாலை ஆறு மணிக்குக் கூட்டம். நிகழ்ச்சி நிரலில் முதலாவது, தலைவரின் போர்ன்ஹோல்ம் பயணப் படக்காட்சி. இரண்டாவது, திருமதி றோஸிடமிருந்து திறப்பை மீளப் பெறுதலும் அவரது பகிரங்க மன்னிப்பும்.

"திறப்புப் போனால் போகட்டும், தம்பி," என்றார் றோஸ். கைப்பையிலிருந்து மடித்த கடிதம் ஒன்றை எடுத்து நீட்டினார். வைத்தியசாலைக் கடிதம். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி, ஞாபகசக்திப் பரிசோதனை. "எல்லாரும் நீதான் கழட்டினது, நீதான் கழட்டினது எண்டு சொல்லச் சொல்ல எனக்கே பயம் பிடிச்சிட்டுது. இதுக்கை பிளக் கொழுவ ஒரு இடம்தானே இருக்கு, மிக்ஸியைக் கொழுவ நான்தான் கழட்டிப்போட்டு மறந்திட்டனோ? என்ரை அம்மாவுக்கும் அறுபத்துமூண்டிலைதான் துடங்கினது. கடைசியிலை என்னை ஆரெண்டு கேட்டவ. நான்தான் செய்தனான் எண்டால் அதை எனக்குச் சொல்லுங்கோ. செய்யேல்லை எண்டாலும் சொல்லுங்கோ. இந்த ரெண்டுக்கும் நடுவிலை நித்திரை கொள்ளேலாமல் கிடக்கு."

அபிஷா பகிடி விடவில்லை. அது அபூர்வம்.

இராஜதுரை பிரீசருக்குப் பக்கத்திலிருந்த சின்ன யன்னலைத் திறந்து பார்த்தார். வெளியே மண்டபத்தின் பின்பக்கம், ஒரு கார் நிறுத்தக்கூடிய அளவு சரளை நிலம். யன்னல் சட்டத்தின் அடி ரப்பரில், சுண்டுவிரல் மொத்தத்துக்கு ஒரு பள்ளம் நசுங்கிக் கிடந்தது.

"எலி," என்றாள் அபிஷா.

"ஒரே இடத்திலை நெடுநேரம் படுத்திருக்கிற எலியை நான் காணேல்லை," என்றார் அவர். அதற்குமேல் அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. முழங்கால் மட்டும் தோன்றிக்கொண்டே இருந்தது.

காரில் ஏறியதும் அபிஷா கைத்தொலைபேசியை எடுத்தாள். தலைவர் தீவிலிருந்து திரும்பிய மறுநாளே ஒன்றியத்தின் முகநூலில் ஒரு கட்டுரை போட்டிருந்தார். தலைப்பு: 'பால்டிக் கடலின் மேல் ஒரு தமிழ்ப் பருந்து.'

"பருந்துக்கு என்ன நிறை இருக்கும், மாமா? நூற்றிரண்டு கிலோ?"

"வாசி."

"'எண்ணூறு ஆண்டுகளாக என் வருகைக்காகவே காத்திருந்ததுபோல நின்ற அந்த வட்டக் கோயிலினுள், வலது மூலையில் நான் முழந்தாளிட்டபோது, வரலாறு என் தோளைத் தட்டியது.'" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நான் ரெண்டு வருசத்துக்கு முந்திப் போர்ன்ஹோல்முக்குப் போனனான். சைக்கிள் வாடகைக்கு எடுத்துத் தீவை ஒரு சுற்றுச் சுற்றி, மூண்டு நாள் இருக்கேலாமல் திரிஞ்சனான். அந்தக் கோயில் வட்டம், மாமா. தோசைக்கல்லு மாதிரி வட்டம். அதிலை எங்காலை வலது மூலை?"

இராஜதுரை முதன்முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னும் கேளுங்கோ. 'தீவைச் சுற்றி ஓடும் புகையிரதத்தின் யன்னலோரம் அமர்ந்து...' அங்கை ரெயிலே இல்லை. அறுபதுகளிலையே தண்டவாளத்தைக் கழட்டிப்போட்டாங்கள். பிறகு சாப்பாடு. 'புகையிட்ட மீனின்மேல் நன்கு பொரித்த முட்டையை வைத்து...' அது பச்சை முட்டை. மஞ்சள் கரு மட்டும், மீனுக்கு நடுவிலை சூரியன் மாதிரி இருக்கும். நான் அதைப் பாத்திட்டு ஒரு பாண் துண்டை மட்டும் திண்டனான். கண்டவன் ஒருத்தனும் அதை மறக்கமாட்டான்."

"அப்ப ஆள் போகேல்லை."

"போகவேயில்லை. பருந்து இங்கை ஏதோ மரத்திலை குந்திக்கொண்டு இருந்திருக்கு."

கோயிலுக்கு மூலை வைத்தவர், இல்லாத ரெயிலில் ஏறியவர், பச்சை முட்டையைப் பொரித்தவர். ஒரு பொய்க்கு இவ்வளவு சாட்சி தாராளம். மூன்று நாளும் தலைவர் ஒஸ்லோவில் இருந்தார் என்றால் இரண்டாவது திறப்பும் ஒஸ்லோவில்தான் இருந்தது. இராஜதுரைக்குப் பல மாதங்களுக்குப் பிறகு தன் தொழில்மேல் ஒரு சின்ன மரியாதை பிறந்தது.

அதன் ஆயுள் இருபது நிமிடம்.

தலைவரின் வீடு ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் நாலாம் மாடி. லிஃப்ட் பழுது. கீழே படிக்கட்டு வாசலில், மின்சாரக் கார்களுக்குச் சார்ஜர் கேட்டுக் காத்திருப்போர் பட்டியல் தொங்கியது. இராஜதுரை அதையும் நின்று வாசித்தார். பதினேழாவது பெயர் கொன்ஸ்ரன்ரைன்.

"பட்டத்தைப் போட விடேல்லை போல, பாவம்," என்றாள் அபிஷா.

கதவைத் திறந்தவர் தலைவரின் மனைவி யூலியா. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடிந்து வந்து, நித்திரை பாதியில் முறிந்த முகம். தலைவர் மண்டபத்தில் கதிரை அடுக்குவதை மேற்பார்வை செய்யப் போய்விட்டாராம். யூலியா தேநீர் ஊற்றினார். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்தபடி இருந்தது. மாலைக் காட்சிக்குப் படங்களை ஒழுங்குபடுத்துகிறவர் அவர்தான்.

இராஜதுரை நேராகவே கேட்டார். "அக்கா, உங்கடை அவர் போர்ன்ஹோல்முக்குப் போகேல்லைத்தானே?"

யூலியா அவரை நிதானமாகப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் ஒரு கடித உறையைக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். கப்பல் சீட்டு இரண்டு, வெள்ளி காலை போனது, ஞாயிறு பின்னேரம் வந்தது. ஹோட்டல் அட்டை. போர்ன்ஹோல்ம் மருந்துக்கடை ஒன்றின் பற்றுச்சீட்டு.

"போனவர். நெடுந்தீவுக்காரன். தகப்பனுக்கு மூண்டு வள்ளம் இருந்தது, கைக்குழந்தையாக் கடலிலை வளந்தனான் எண்டு இருபத்தெட்டு வருசமாச் சொல்லுறார். சுவீடனாலை அந்தத் தீவுக்கு எண்பது நிமிசக் கப்பல். பத்தாவது நிமிசம் துடங்கினது சத்தியும் வாந்தியும். தீவுக்குப் போய் இறங்கியும் நிக்கேல்லை. திரும்பக் கப்பல் ஏறவேணும் எண்ட பயத்திலையே மூண்டு நாளும் எழும்பேல்லை. ஹோட்டல் யன்னலாலை துறைமுகத்துக் கார் வரிசையைப் பாத்துக்கொண்டு படுத்துக் கிடந்தவர்."

அபிஷா தேநீரை விழுங்க மறந்து வாயில் வைத்திருந்தாள்.

"அப்ப கட்டுரை?" என்றார் இராஜதுரை.

"நான் பஸ் எடுத்துத் தனியச் சுத்தினனான். பின்னேரம் வந்து சொல்லுவன். அவர் எழுதுவார். பஸ் எண்டு சொன்னனான், அது அந்தஸ்துக் காணாதெண்டு ரெயில் எண்டு எழுதினவர். பச்சை முட்டை எண்டு சொன்னனான், கேட்ட உடனை கழிவறைக்கு ஓடினவர், அதுதான் பொரிச்சுப்போட்டார்." அவர் கப்பல் சீட்டுகளை உறைக்குள் திருப்பிப் போட்டார். "கோயிலிலை ஒரு மணித்தியாலம் சும்மா இருந்தனான். ஒருத்தரும் என்னட்டை ஒண்டும் கேக்கேல்லை. தண்ணி கேக்கேல்லை, மருந்து கேக்கேல்லை, படம் எடு எண்டு சொல்லேல்லை. எனக்கு அது காணும். மூலை அவற்றை சொந்தக் கற்பனை."

இராஜதுரை கோப்பையைக் கீழே வைத்தார். தலைவர் போயிருக்கிறார். கடலைப் பார்க்காமல், கோயிலைப் பார்க்காமல், மூன்று நாளும் ஒரு கட்டிலைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார், ஆனாலும் போயிருக்கிறார். வெள்ளி காலைமுதல் ஞாயிறுவரை இரண்டாவது திறப்பு ஐந்நூறு அறுநூறு கிலோமீற்றருக்கு அப்பால். கட்டுரை முழுக்கப் பொய், ஊரில் இல்லாதது முழுக்க உண்மை. றோஸிடம் என்ன சொல்வது? 'அக்கா, செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குத் தவறாமல் போங்கோ' என்றா?

அவர் எழுந்தார். முழங்கால் எழவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் தரம் எழுந்தார்.

வாசல்வரை வந்த யூலியா, கதவில் கையை வைத்தபடி நின்றார்.

"றோஸ் அக்கா எனக்கு மூண்டு பிள்ளைப்பேற்றுக்கும் பத்தியக்கறி கொண்டுவந்து தந்தவ," என்றார். "இவர் பொல்லாத மனுசன் இல்லை. தன்னைத் தவிர வேறை ஒண்டும் கண்ணிலை படாது, அவ்வளவுதான். இண்டைக்குக் காட்டப்போற முதலாவது படம் நான் எடுத்தது, தம்பி. வெளிக்கிட முந்தி எடுத்தது. வடிவா எடுத்திருக்கிறன். வடிவாப் பாருங்கோ."

கதவு மெதுவாக மூடிக்கொண்டது.

நாலு மாடியும் ஒவ்வொரு படியாக இராஜதுரை இறங்கினார். காத்திருப்போர் பட்டியலுக்கு முன்னால் மறுபடி நின்றார்.

"மாமா, பதினேழாவது ஆள் இன்னும் பதினேழாவதுதான்."

"அதுதான் பாக்கிறன்," என்றார் அவர். "அபிஷா, அந்தக் கப்பலுக்குப் போற வழியிலை கோதன்பேர்க் வருமெல்லே, இஞ்சையிருந்து எவ்வளவு தூரம்?"

"முந்நூறு கிலோமீற்றர் வரும். ஏன்?"

"ஒண்டுமில்லை. கூட்டத்துக்கு நேரத்துக்குப் போவம். முன் வரிசை வேணும்."

ஆறு மணிக்கு மண்டபத்தில் எண்பது பேர் இருந்தார்கள். சப்பாத்துகள் சோடியாக இருந்தன. றோஸ் கடைசி வரிசையில், திறப்பைக் கையில் பிடித்தபடி இருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு கதிரை வெறுமையாக விடப்பட்டிருந்தது.

தலைவர் கொன்ஸ்ரன்ரைன் மேடை ஏறினார். கோட்டு, கழுத்துப்பட்டி, சட்டைப் பையில் மூன்று பேனை. மடிக்கணினிக்கு முன்னால் யூலியா.

முதலாவது படம் வந்தது. தலைவர் பூப்போட்ட சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக, ஒரு கையைக் காரின்மேல் ஊன்றி நின்றார். இரவு. அந்தக் கண்ணாடியின் அவசியம் தெரியவில்லை. "புறப்பாடு," என்றார் தலைவர், அடுத்ததுக்குக் கையை அசைத்தார். பிறகு கோட்டை, கடல், பாறை, வட்டக் கோயில் என்று நாற்பது நிமிடம். தலைவர் இல்லாத நாற்பது படங்கள். "புகைப்படக் கருவிக்குப் பின்னால் நின்ற கலைஞன்" என்று தன்னைக் குறிப்பிட்டுக்கொண்டார். யூலியா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கைதட்டல் ஓய்ந்ததும் இராஜதுரை எழுந்து நின்றார்.

"கேள்விகள் எழுத்தில் தரப்படல் வேண்டும்," என்றார் தலைவர்.

"கேள்வி இல்லை, தலைவர். பாராட்டு. நீங்கள் போர்ன்ஹோல்முக்குப் போகேல்லை எண்டு சில பேர் கதைக்கினம். நீங்கள் போனது உண்மை எண்டு சபைக்குச் சொல்லத்தான் வந்தனான்."

தலைவரின் நெஞ்சு ஒரு அங்குலம் உயர்ந்தது. பாராட்டு எழுத்தில் வரவேண்டும் என்று அறிவித்தல் எதுவும் இருக்கவில்லை.

"மின்சாரக் காரிலை அவ்வளவு தூரம் சின்ன விசயமில்லை. வியாழன் இரவு எத்தினை மணிக்கு வெளிக்கிட்டனீங்கள்?"

"பதினொன்று. வெள்ளி காலை கப்பல்."

"வழியிலை சார்ஜுக்கு நிண்டு நிண்டு..."

"நிற்பதா?" தலைவர் சிரித்தார். "நூறு வீதத்தோடை வெளிக்கிட்டனான். கோதன்பேர்க் வரை ஒரே ஓட்டம். திட்டமிடல், ஐயா, திட்டமிடல்."

"கெட்டித்தனம். உங்கடை கட்டடத்திலை சார்ஜர் இல்லை. பட்டியலிலை பதினேழாவதா நிக்கிறியள். பின்னை நூறு வீதம் எங்கை ஏத்தினனீங்கள்?"

தலைவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார்.

"முதலாவது படத்தை ஒருக்கால் திருப்பிப் போடுவீங்களோ?"

தலைவர் வேண்டாம் என்று கையை உயர்த்துவதற்குள் படம் வந்துவிட்டது. யூலியா அதைத் தயாராகவே வைத்திருந்தார்போல.

முதற்தரம் எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். இப்போது அவருக்குப் பின்னால் பார்த்தார்கள். சரளை நிலம். வெளிச்சம் எரியும் ஒரு சின்ன யன்னல். அந்த யன்னலால் வெளியே வந்து, காரின் வயிற்றில் போய் முடியும் மொத்தமான செம்மஞ்சள் வயர்.

"அது எங்கடை களஞ்சிய யன்னல்," என்றான் யூலியன். தகப்பனின் முப்பத்தோராம் நாளுக்குப் பீற்சா தின்றவன்.

"அந்த அறையிலை பிளக் கொழுவ இடம் ஒண்டுதான்," என்றாள் அபிஷா. "அதுக்கு மேலை சிவப்பு எழுத்திலை ஒரு அறிவித்தலும் இருக்கு. எழுதினவர் மட்டும் வாசிக்கேல்லை."

இராஜதுரை களைத்த குரலில் முடித்தார். "வியாழன் காலமை பதினொரு மணிக்கு றோஸ் அக்கா பூட்டிக்கொண்டு போனவ. மத்தியானம் தலைவர் வந்து, பிரீசரைக் கழட்டி, யன்னலாலை வயரை விட்டு, இரவுவரை காரை ஏத்தினவர். வயரைச் சுருட்டினவர், யன்னலைச் சாத்தினவர், கதவைப் பூட்டினவர். பிரீசரைத் திருப்பிக் கொழுவேல்லை. நாங்கள் எல்லாரும் வெள்ளி, சனி ஆர் வந்தது எண்டு தேடினம். இறைச்சி வியாழனே பழுதாகத் துடங்கிட்டுது."

தலைவர் திரையில் இருந்த தன்னையே பார்த்துக்கொண்டு நின்றார். பொய் சொல்லிப் பிடிபட்ட மனிதனின் முகமாக அது இல்லை. உண்மையிலேயே அந்த வயரை இப்போதுதான் முதன்முதல் காண்கிற முகம். அதைப் பார்க்க இராஜதுரைக்கு வெற்றிக் களிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. உட்காரவேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்தார்.

"நான்... அது..." தலைவரின் மேடைத் தமிழ் எங்கோ கழன்று விழுந்துவிட்டது. "வெளிக்கிடுற அவசரத்திலை... சத்தியமா நான் மறந்திட்டன்."

கடைசி வரிசையில் கதிரை அசைந்தது. றோஸ் எழுந்து நடுவழியால் நடந்து வந்தார். தலைவருக்கு ஏசப்போகிறார் என்று சிலர் முன்னால் சாய்ந்தார்கள். அவர் முதலில் இராஜதுரையிடம்தான் வந்து நின்றார்.

"அப்ப நான் மறக்கேல்லை."

"இல்லை, அக்கா."

"பிரீசர் இரைஞ்சுகொண்டுதான் இருந்தது."

"இரைஞ்சுகொண்டுதான் இருந்தது."

றோஸ் ஒரு முறை தலையாட்டினார். திறப்பைக் கைப்பையில் போட்டார். அதற்குள்ளிருந்து மடித்த கடிதத்தை எடுத்து, மேடைக்குப் போய், தலைவரின் மூன்று பேனைகளுக்குப் பக்கத்தில் சட்டைப் பையில் செருகிவிட்டார்.

"செவ்வாய்க்கிழமை பத்து மணி," என்றார் மிகவும் அன்பாக. "எனக்கு எடுத்த நேரம். நீங்கள் போய்க் காட்டுங்கோ, தலைவர்."

பிறகு சமையலறைப் பக்கம் போனார். கொஞ்ச நேரத்தில் தேநீர்க் கேத்தில் இரையத் தொடங்கியது.